பிந்திப் பூத்தாலும் அம்பாளுக்குரிய பூவே



நவராத்திரிக்கு ஆலயம் வந்த ஓர் ஆச்சி தமது வெறுங்கையைக் காட்டிக் கவலைப்பட்டார். "ஊரிலை வளவு நிறையச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும். விடியப் பிடுங்கிக்கொண்டு கோயிலுக்குப் போவம். இஞ்சை ஒரு பூவுக்கும் பிள்ளையளின்ரை கையைப் பாக்கவேண்டிக் கிடக்கு. என்ரை காலம் முடிஞ்சுது ஐயா" என்றார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். செவ்வரத்தை இந்நாட்டுக் குளிரில் வெளியே பிழைக்காது. ஆனால் புரட்டாசி, ஐப்பசியில் மற்றப் பூக்கள் அடங்கிய பின், அயலவர் வேலியோரத்தில் நெஞ்சளவு உயர்ந்து, ஊதாவும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூக்கும் செடியைப் பார்த்திருப்பீர்கள். அதுவே அஸ்டர். அதுவும் இம்மண்ணுக்குரியதன்று, வட அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே வேரூன்றியது. கோடையின் நீண்ட பகலில் தண்டும் இலையுமாய் வளரும். பகல் குறுகி இரவு நீளும்போதே அரும்பு கட்டும். நமக்குச் சோர்வு தரும் இருள்தான் அதற்குப் பூக்கும் வேளை!

போட்ஸ்டாம் நகரின் போர்னிமில் இத்தகைய செடிகளிற் புதிய இனங்களை உருவாக்கியவர் கார்ல் ஃபோர்ஸ்டர் (1874-1970). இரண்டு உலகப் போர்களையும் கண்டு 96 வயது வரை வாழ்ந்த அவர், ஆண்டின் எப்பருவத்திலும் தோட்டம் பூவின்றி இருக்கலாகாது என்றே உழைத்தார்.

வளர்ப்பதும் கடினமன்று. நல்ல வெயில் படும் இடத்தில் வசந்தத்தில் நடுங்கள். நீரை இலையில் விடாமல் அடியில் ஊற்றுங்கள்; இலையில் வெண்பூஞ்சணம் குறையும். மே மாதக் கடைசியில் மூன்றிலொரு பங்கு நுனியை வெட்டிவிட்டால், செடி கிளைத்து, காற்றிற் சாயாமல், சற்றே பிந்தி நிறையப் பூக்கும். மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை வசந்தத்தில் கிளப்பி, வேரோடு பிரித்து நடவேண்டும். பிரிக்காவிட்டால் நடுப்பகுதி பட்டுப்போகும்.

அடியார்களே, 1983க்குப் பின் இங்கு வந்த நம்மிற் பலர் நுனி வெட்டப்பட்டவர்களே. வீடு, வளவு, தொழில், உறவு எல்லாம் ஒரே வீச்சிற் போயின. வெட்டிய கையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வேர் மிஞ்சியிருக்கிறது. அதைப் பிரித்துப் பேரப்பிள்ளைகளின் கையிற் கொடாவிட்டால் நடுவில் பட்டுப்போவது நாம்தாம்.

திருப்புகலூரில் முருக நாயனார் விடியுமுன் பூக்கொய்து மாலை கட்டும் தொண்டாலேயே சிவபதம் பெற்றார். அன்பு, பொறை, வாய்மை முதலிய எட்டையும் அகப்பூக்கள் என்பர் நம் பெரியோர். இவற்றிற் பல முதுமையிலேதான் நன்கு மலர்கின்றன.

ஆகவே ஆச்சிமாரே, அப்புமாரே! வரும் சித்திரையில் ஒரு கன்று வாங்கி, பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடுங்கள். குழி அவர்கள் தோண்டட்டும். பூவின் கதையை நீங்கள் தமிழிற் சொல்லுங்கள். அடுத்த நவராத்திரிக்கு உங்கள் கையாற் பிடுங்கிய பூவோடு வாருங்கள். அம்பாள் காத்திருப்பாள்.

திருச்சிற்றம்பலம்.