பூட்டிய மடலும் பூட்டாத நாவும்

மறைக்க ஒன்றுமில்லாதவர் எதற்காக மறைக்க வேண்டும் என்று வினவுவோர் எக்காலத்தும் உளர். அவ்வாறு வினவுவோரின் இல்லங்களுக்கும் கதவுகள் உண்டு. கதவைச் சாத்துபவரெல்லாம் உள்ளே குற்றம் இழைக்கின்றார் என்று நாம் கருதுவதில்லை. பிறர் கண் படாத சிறிதிடம் இல்லையேல், அழுவதும் தேறுவதும் மனிதர்க்கு அரிதாகிவிடும். கதவுக்குப் பொருந்தும் இவ்வுண்மை கைப்பேசிக்கும் பொருந்துமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது.

கடல் கடந்து வாழும் நமக்கு இவ்வினா மிகவும் நெருங்கியது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரை அடுத்துள்ள டாலிகஞ்ச் போன்ற இடங்களில், ஒரு குடும்பத்தின் செய்தி மறுநாளே பல குடும்பங்களின் செய்தியாகிவிடுகிறது. உறவற்ற மண்ணில் இந்நெருக்கமே நமக்குக் காவல். சில வேளைகளில் அதுவே சுமையுமாகின்றது. மனச்சோர்வுக்கு ஆலோசகரை நாட விழையும் இளைஞர், மகளிர் மருத்துவரிடம் நேரம் கேட்க எண்ணும் பெண், உடற்பிடிப்புக்கு மருத்துவப் பயிற்சியாளரை வீட்டுக்கு அழைக்கும் முதியவர் ஆகிய எவரும் தவறிழைத்தவர் அல்லர். எனினும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி, பெறவேண்டிய உதவியைப் பெறாமலே ஒதுங்குவாராயின், அவ்விழப்புக்கு யார் பொறுப்பு?

2020 ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி வடம் தொடங்கி வைக்கப்பெற்றது. அதன்பின் இத்தீவுகளிலும் இணையம் விரைவு பெற்றது. நேரில் சென்று கேட்டவை பலவும் இன்று கைப்பேசிச் செய்தி வழியே முடிவாகின்றன. வாட்ஸ்அப் செயலி 2016 ஏப்ரல் முதல் செய்திகளை முனைக்கு முனை மறைகுறியாக்கி அனுப்புகின்றது. அனுப்புபவர் கருவியில் பூட்டப்படும் செய்தி பெறுபவர் கருவியில் மட்டுமே திறக்கும். இடையில் சுமந்து செல்லும் நிறுவனத்தாலும் அதைப் படிக்க இயலாது. சிக்னல் செயலியும் அத்தகையதே. டெலிகிராமின் வழக்கமான உரையாடல்களுக்கோ இக்காப்பு இல்லை. இரகசிய உரையாடலைத் தனியே தேர்ந்தால்தான் உண்டு.

சட்டமும் இவ்வுரிமையை ஏற்றுள்ளது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றி எழுந்த வழக்கில், தன் குடும்பம், மணம், மகப்பேறு முதலியவற்றின் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டென 1994இல் உச்சநீதிமன்றம் கூறியது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மறுபுறம், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யாரெனக் கண்டறிய வழி வேண்டும் என 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் பெரிய செயலிகளைப் பணித்தன. வாட்ஸ்அப் அதனை எதிர்த்துத் தில்லி உயர்நீதிமன்றம் சென்றது. கயவரும் இத்திரைக்குப் பின் ஒளிவர் என்னும் அச்சம் பொய்யன்று. ஆயினும் ஒரு கள்வனைப் பிடிக்க ஊரார் கதவுகளையெல்லாம் கழற்றுவது முறையாகுமா?

வள்ளுவர் ஒற்றாடலைப் பொருட்பாலில், அரசன் கடமைகளுள் வைத்தார்; புறங்கூறாமையை அறத்துப்பாலில், இல்லறத்தார் ஒழுக்கமாக வைத்தார். வேவு என்பது ஆட்சிக்கு உரிய கருவி. அயலார்க்கு உரியதன்று என்று இவ்வைப்புமுறையிலிருந்து நாம் கொள்ளலாம்.

இனி, பூட்டின் எல்லையையும் அறிதல் வேண்டும். செய்தியின் உள்ளடக்கம் மறைந்தாலும், யார் யாரோடு எப்போது தொடர்பு கொண்டார் என்னும் சுவடு நிறுவனத்திடம் தங்கக்கூடும். நமது எண் பெறுபவர் கையில் சேர்கின்றது. எண்ணைக் காட்டாது பயனர்பெயரால் பேசும் வசதியைச் சிக்னல் 2024இல்தான் கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெறுபவர் திரையைப் படமெடுத்துப் பிறருக்கு அனுப்பிவிட்டால் எந்தப் பூட்டும் பயன் தாராது. மறைகுறி வழியைக் காக்கும். வழியின் இரு முனைகளிலும் நிற்பது மனிதரே.

ஆகவே அந்தரங்கம் நாம் கோரும் உரிமையாக மட்டும் நின்றுவிடலாகாது; பிறர்க்கு நாம் செலுத்தும் கடனாகவும் ஆதல் வேண்டும். பணி நாடுவோர் தேவைக்கு மேல் சொல்லாதிருக்கட்டும். ஆதார் அட்டையின் படத்தைக் கேட்டவர்க்கெல்லாம் அனுப்பாதிருக்கட்டும். பணி செய்வோர் தேவைக்கு மேல் கேளாதிருக்கட்டும். வேலை முடிந்தபின் செய்திகளை அழித்து விடட்டும். மருத்துவமனை வாயிலில் தெரிந்த முகத்தைக் காண நேரும் நாம், கண்டதை வீடுவரை சுமந்து வராதிருப்போமாக. கருவி மடலைப் பூட்டித் தரும். நாவைப் பூட்டும் திறவுகோலோ நம்மிடமே உள்ளது. அச்சமின்றி உதவி நாடக்கூடிய ஒரு சமூகத்தை அத்திறவுகோல் கொண்டே நாம் ஆக்க முடியும்.