முகாமுக்கு வராத சகோதரி



சிறுமலை அடிவாரத்தில் இரண்டு நாள் தியான முகாமாகக் கூடினோம் அல்லவா? தரித்திரரை நேசிப்பது என்பதே பொருள். ஆவியானவருடைய அசைவாடுதல் இருந்தது, மறுப்பதற்கில்லை. முதல் நாள் காலையிலே யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தோம். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனம் காட்டி, கந்தையோடு வந்தவனைக் கீழே உட்காரச் சொல்லுகிற சபையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பிரசங்கித்தேன். அநேகர் அழுதார்கள். நானும் அழுதேன்.

மத்தியானம் பந்தியிலே ஒரு சிறுபிள்ளை கேட்டாள்: "பாஸ்டர் அங்கிள், சனிக்கிழமை சர்ச் கூட்டுற அத்தை ஏன் வரலை?"

சோறு இறங்கவில்லை. ஆளுக்கு 500 ரூபாய் கட்டணம் என்று அறிவித்தது நான்தான். கட்ட முடிந்தவர்கள் வந்திருந்தோம். யாக்கோபு கடிந்துகொண்ட சபையிலாவது அந்த ஏழை உள்ளே வந்து தரையில் உட்கார முடிந்தது. நான் வாசலுக்கே வரவிடவில்லையே!

இங்கிலாந்திலே டெயின்மவுத் என்ற கடலோர ஊரில் ஜார்ஜ் முல்லர் வாலிபப் போதகராயிருந்தபோது, ஆலயத்தில் இருக்கைக்கு வாடகை வாங்கும் வழக்கம் இருந்தது. பணமுள்ளவனுக்கு நல்ல இடம். இதே யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தை வைத்து 1830-ல் அவர் அந்த வாடகையை நிறுத்திவிட்டார். அதிலிருந்துதான் அவருக்குச் சம்பளம், அதையும் விட்டார். ஒரு பெட்டியை மாத்திரம் வைத்தார். பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் எழும்பினதைத்தான் நாம் சாட்சியாகச் சொல்லுகிறோம், இதைச் சொல்லுகிறதில்லை. 1905-ல் முக்தி மிஷனில் எழுப்புதல் எங்கே பற்றிக்கொண்டது? பண்டித ரமாபாய் பஞ்ச காலங்களில் காப்பாற்றிச் சேர்த்த பெண்பிள்ளைகள் நடுவிலேதானே!

ஊர் திரும்பி, திங்கட்கிழமை சாயங்காலம் அந்தச் சகோதரி வீட்டுக்குப் போனேன். அவர்கள் சித்தாள் வேலை செய்கிறவர்கள். அப்போதுதான் குளித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருந்தார்கள்.

"ஐநூறு ரூவா மட்டும் இல்லீங்கய்யா. ரெண்டு நாள் வேலைக்குப் போகலைன்னா வட்டிக்காரருக்கு என்ன சொல்றது?"

"எதுக்கும்மா வட்டிக்கு வாங்கினீங்க?"

கொஞ்சம் தயங்கினார்கள். "நம்ம சர்ச் சுவர் வேலையில மூணு வாரம் கூலி வரலைல்லங்கய்யா, அப்ப அரிசிக்கு வாங்குனது. விடுங்கய்யா, கர்த்தரோட வேலைதானே."

பிரியமானவர்களே, உண்மைதான். காணிக்கை வரட்டும், பிறகு கொடுக்கலாம் என்று கூலியைத் தள்ளினவன் நான். சிமெண்ட் கடைக்காரருக்கு மட்டும் அன்றைக்கன்றே கொடுத்தேன், அவர் சத்தம் போடுவாரே! கூலிக்காரனுக்குச் சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் அவனுடைய முறையீடு கர்த்தரிடத்தில் போகும் என்று உபாகமம் 24:14,15-ல் இருக்கிறது. வேதாகமக் கல்லூரியில் உபாகமத்தில் நல்ல மார்க் வாங்கினவன்தான் நான். அந்தச் சகோதரி முறையிட்டார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

அந்த வாரமே மூப்பர்களிடத்தில் இதை அறிக்கையிட்டேன். அசலும் வட்டியும் சேர்த்துச் சபை அடைத்தது. ஒரு மூப்பர், "தர்ம நிதியில எழுதிரலாமே பாஸ்டர்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வேண்டாம், சுவர்க் கணக்கிலே "தாமதித்த கூலி" என்று எழுதுங்கள் என்றேன். அது தர்மமல்லவே. அந்தச் சுவரில் வேலை செய்த மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் நம் சபையார் அல்ல, வெளியூர்க்காரர்கள். உங்களில் யாருக்காவது அவர்கள் இருக்குமிடம் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அடுத்த முகாம் ஒரே நாள், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் ஆலயத்திலேயே. கட்டணம் கிடையாது, பின்னால் ஒரு பெட்டி இருக்கும். சமையலுக்கு ஆள் வைக்கவில்லை, நாமே செய்வோம். அந்தச் சகோதரியையும் நேரில் போய் அழைத்தேன். "பாக்கலாங்கய்யா" என்றிருக்கிறார்கள். ஜெபித்துக்கொள்ளுங்கள்.