கட்டாயமும் விருப்பமும்

சென்ற மாதம் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு தந்தையார் நம்மைக் காண வந்தார். அவர் கையில் ஒரு கல்லூரியின் சேர்க்கைக் குறிப்பேடு இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய அவருடைய மகள், அதிலுள்ள ஒரு வரியைப் படித்தபின் விண்ணப்பிக்கவே மறுக்கிறாளாம். "ஆங்கிலப் பேச்சுத் திறனும் கணினிப் பயிற்சியும் விரும்பத்தக்கவை" என்பது அவ்வரி. "இரண்டும் அவளிடம் இல்லையே, ஹஜ்ரத்!" என்றார்.

ஒரு சொல் ஒரு பெண்ணின் படிப்பையே தடுக்குமாயின் அதன் பொருளை ஆராய்வது நம் கடமையாகும்.

மார்க்கச் சட்டம் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. பர்ளு விடக்கூடாதது, முஸ்தஹப்போ செய்தால் நன்மை, விட்டால் குற்றமில்லை. ரமலான் இரவுகளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளியில் தொழுதபோது மக்கள் திரண்டு வந்து பின்னின்று தொழுதனர். சில இரவுகளுக்குப்பின் அவர்கள் வெளிவரவில்லை. அத்தொழுகை மக்கள்மீது கடமையாகிவிடுமோ என அஞ்சியதாகப் பின்னர் கூறினார்கள். நல்லதும் கட்டாயமானால் இயலாதவர்க்குச் சுமையாகும் என்பதே நாம் இதிற்பெறும் படிப்பினை.

கல்லூரி வாசலிலும் இதே நிலைதான். தமிழகத்தில் 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. தனிப்பயிற்சி கட்டாயமென்று எவரும் எழுதிவைக்கவில்லை. எனினும் நகரில் பணங்கட்டிப் பயின்றவர் முந்தினர். சிற்றூர்ப் பிள்ளைகள் பின்தங்கினர். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அத்தேர்வை நீக்கியது. இன்று பொறியியல் சேர்க்கை கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200க்குக் கணக்கிட்டே நடைபெறுகிறது. மருத்துவத்திற்கு வந்த நீட் தேர்வு அதே வினாவை மீண்டும் எழுப்பியது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கியது அதற்கொரு விடை.

முன்பயிற்சியுள்ள மாணவரைக் கல்லூரி விரும்புவதில் தவறில்லை. விருப்பம் என எழுதிவிட்டு, உள்ளே அதனையே அளவுகோலாக்கினால் அது அநீதி. கட்டாயமாயின் கட்டாயமென்றே எழுதுக. விருப்பமாயின் அதனைக் கற்கும் வழியையும் காட்டுக.

அவ்வழியை நம் மாவட்டமே முன்பு காட்டியுள்ளது. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம், பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. ஓட்டத் தெரிந்தவள் மட்டும் வருக என்று அவ்வியக்கத்தார் கூறவில்லை. வந்தவளுக்குக் கற்றுத் தந்தார்கள். நம் சமுதாயப் பெண்களும் ஆயிரக்கணக்கானோருடன் சேர்ந்து மிதிவண்டி ஏறினார்கள்.

தந்தையாரிடம் நாம் கூறியது இவ்வளவே: "கட்டாயமென்று கேட்டவை யாவும் உங்கள் மகளிடம் உள்ளன. விண்ணப்பத்தை இன்றே அனுப்புங்கள். விரும்பத்தக்கவற்றை நாளை முதல் கற்கத் தொடங்கட்டும்."

பிள்ளைகளைப் பெற்ற அன்பர்களே! குறிப்பேட்டைக் கையிலெடுக்கும்போது, எது கடமை, எது விருப்பம் என்று முதலில் பிரித்தறியுங்கள். கல்லூரி மறுக்குமுன் நாமே நம் பிள்ளைகளை மறுத்துவிட வேண்டாம்.