தலைவிதியும் சாலைவிதியும்

'விதி' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தாங்கி நிற்கிறது. எவராலும் மாற்றவொண்ணாதது என்று நம்பப்படும் தலையெழுத்து ஒன்று. மக்களே கூடி எழுதி, பிழை கண்டபோது தாமே திருத்திக்கொள்ளும் ஒழுங்குமுறை மற்றொன்று. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்கும் பெண்ணாடத்துக்கும் நெய்வேலிக்கும் செல்லும் சாலைகளில், விசைவண்டியிலிருந்து ஒருவர் விழுந்து மாண்டார் என்றால், கூடி நிற்போர் வாயினின்று வருவது முதற்பொருள் தரும் விதியே. "எல்லாம் விதி" என்கின்றனர், கலைந்து செல்கின்றனர். இரண்டாம் பொருளில் அச்சொல்லை எவரேனும் எடுத்திருந்தால் கேள்விகள் எழுந்திருக்கும். தலைக்கவசம் இருந்ததா? வண்டியில் எத்தனை பேர்? என்ன வேகம்? அந்த வளைவில் விளக்கு எரிந்ததா? தலையெழுத்தின்மேல் பழியைப் போட்டபின் இவற்றுக்கு இடமேது? நெடுஞ்சாலைத் துறையும் தப்புகிறது, வண்டியோட்டியும் தப்புகிறார், வேடிக்கை பார்த்த நாமும் தப்பிவிடுகிறோம்.

புதுவண்டி வாங்கியவுடன் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது. முன்விளக்குக்குக் குங்குமம், கைப்பிடிக்கு மாலை. அச்செலவுக்கு எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. தலைக்கவசத்தின் விலையைக் கேட்டதும்தான் நம்மவர்க்குச் சிக்கனம் நினைவுக்கு வருகிறது!

வண்டியைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஓசூரிலிருந்து 1980இல் டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க முதல் இந்திய மொபெட் அது. செருப்பணிந்து நடக்கக் கூடாது, மிதிவண்டியில் ஏறிச் செல்லக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும் என்று சில தெருக்களில் சில மக்களுக்குச் சாதி கட்டளையிட்டிருந்த நாடு இது. அந்நாட்டில் ஏழை உழவனும் பால்காரரும் மீன் விற்கும் தாயும் எஞ்சினின் உறுமலோடு எல்லாத் தெருவிலும் செல்லத் தொடங்கினர். பேருந்துக்காகவும் கணவனுக்காகவும் காத்திருந்த ஆசிரியையும் செவிலியும் தாமே புறப்பட்டனர். நம் ஊர்ப் பீங்கான் தொழிற்கூடங்களுக்குச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வருவோரின் கால்களும் இன்று இவ்வண்டிகளே. இத்தகைய விடுதலைக் கருவியின்மீது கட்டுப்பாடு விதிப்பதென்றால் அதற்குத் தக்க காரணம் வேண்டும் என்று கேட்பது நியாயமே. காரணம் கேளாமல் கீழ்ப்படியும் பழக்கத்தைத்தானே நாம் எதிர்த்து வருகிறோம்?

சட்டம் சொல்வது இது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிரம்பாதோர் பொதுவிடத்தில் மோட்டார் வண்டி ஓட்டலாகாது. எஞ்சின் 50 சி.சி.க்கு மேற்படாததாயின் 16 வயதில் உரிமம் பெறலாம் என்று ஒரு சலுகை உண்டு. ஆனால் 2015இல் வந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் 99.7 சி.சி. "சின்ன வண்டிதானே" என்று மகனிடம் சாவியை நீட்டும் தந்தை, அச்சலுகையின் எல்லையை இருமடங்கு கடந்துவிடுகிறார். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தந்தையையே குற்றவாளியாக நிறுத்துகிறது: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் தண்டம், வண்டிப் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கம், சிறுவனுக்கோ 25 வயது வரை உரிமம் இல்லை. ஓட்டுபவர்க்குப் பின் ஒருவரே அமரலாம். நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும். தவறின் 1000 ரூபாய் தண்டம்.

இங்கேதான் அறிவுடைய இளைஞர் சிலர் வழக்காட வருகின்றனர். "என் தலை என்னுடையது. உடைந்தால் எனக்குத்தானே நட்டம்? அரசுக்கு இதில் என்ன வேலை?" என்கின்றனர். இதனை எள்ளி ஒதுக்குதல் தகாது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் ஒரு பாலத்தைக் காட்டுகிறார். இடியப்போகும் பாலத்தின்மேல் அறியாது காலெடுத்து வைப்பவனைப் பிடித்திழுத்தல் அவன் சுதந்திரத்தைப் பறிப்பதாகாது. ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்றே. ஆயின் விழுவது உறுதியில்லை, ஆபத்து மட்டுமே உண்டு எனும்போது, எச்சரித்துவிட்டு முடிவை அவனிடமே விடுக என்பது மில்லின் தீர்ப்பு. அதன்படி பார்த்தால், வயது வந்த ஒருவர் தனியே ஓட்டுகையில் அவர் தலைமேல் கவசத்தைத் திணிக்கச் சட்டத்துக்கு உரிமை குறைவே. இதை மறைப்பதில் பயனில்லை.

சிலர் வேறொரு விடை தருவர். அடிபட்டவர்க்கு அரசு செலவு செய்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கிறது. ஆகவே கட்டளையிடும் உரிமையும் அரசுக்கு உண்டு என்பர். இந்த வாதம் நமக்கு உவப்பானதன்று. மருந்து கொடுத்தவன் உடலுக்கு உடைமையாளன் ஆவானா? அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2000இல் இவ்வழியே சென்றது. 21 வயது கடந்து, 10,000 டாலர் மருத்துவக் காப்பீடும் உள்ளவர் வெறுந்தலையோடு மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்று விட்டுவிட்டது. பணமுள்ளவனுக்குச் சுதந்திரம், இல்லாதவனுக்குச் சட்டம்! அறத்தைக் காசுக்கணக்கில் வைத்தால் போய்ச்சேரும் இடம் அது.

மெய்யான விடை முன்னிருக்கையில் இல்லை. பின்னிருக்கையில் இருக்கிறது.

மைய அரசு வெளியிட்ட 2022ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். அவ்வாண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. தலைக்கவசமின்றி இறந்த 50,029 பேரில் வண்டியோட்டிகள் 35,692. பின்னே அமர்ந்து சென்றோர் 14,337. அந்தப் பதினாலாயிரம் பேரில் எத்தனை பேர் மில்லின் நூலைப் படித்துத் தம் சுதந்திரத்தைத் தேர்ந்துகொண்டவர்கள்? வேகத்தை அவர்கள் முடிவு செய்யவில்லை. பிடி அவர்கள் கையில் இல்லை. எதிரே வரும் லாரியைக்கூட முன்னிருப்பவர் முதுகு மறைத்துவிடுகிறது. நம் தெருக்களில் மாலை வேளையில் நின்று நோக்குக. கணவன் தலையில் கவசம். பின்னே ஒருபுறமாகக் கால்களைத் தொங்கவிட்டு, ஒரு கையில் குழந்தையையும் மறுகையில் கம்பியையும் பற்றியிருக்கும் மனைவியின் தலையில் பூச்சரம்! காவலர் மறிப்பது ஓட்டுபவனை. ஆதலால் அவன் தலைக்கு மட்டும் கவசம். வீட்டில் யார் முதலில் உண்பது, யார் மிச்சத்தை உண்பது என்ற பழைய ஒழுங்கு, இரும்புக் குதிரையின்மேலும் ஏறி அமர்ந்துகொண்டது. 2015 ஜூலை முதல் நாளிலிருந்து ஓட்டுநர், பின்னமர்வோர் இருவரும் அணிதல் கட்டாயம் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது கடைகளில் திருவிழாக் கூட்டம். அக்கூட்டம் வாங்கிச் சென்றவற்றுள் பெண்ணின் தலையளவு பார்த்து வாங்கியவை எத்தனை இருக்கும்?

'என் தலை என் உரிமை' என்போர் இவ்வினாவுக்கு விடை சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

கவசம் செய்யும் வேலையில் மந்திரம் ஏதுமில்லை. வெளியே உறுதியான ஓடு. உள்ளே தெர்மாகோல் போன்றதொரு மெத்தை. மோதும் நொடியில் மெத்தை நசுங்கித் தான் அழிகிறது; அடியின் வேகம் மூளையைச் சேருமுன் தணிகிறது. நம் ஊர்ப் பீங்கான் பொம்மைகளை வைக்கோலோ காகிதமோ சுற்றிப் பெட்டியில் அடுக்குவதும் இதே அறிவால்தான். பொம்மைக்குக் காட்டும் பரிவைப் பொம்மை சுமப்பவரின் மண்டைக்குக் காட்ட வேண்டாமா? அரேபிய லாரன்ஸ் என்று பெயர் பெற்ற ஆங்கிலேயர் 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டார். அவருக்கு மருத்துவம் செய்தவர்களுள் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அவர் 'விதி' என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடவில்லை. விபத்துக்குள்ளான வண்டியோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்தார், 1941இல் முடிவுகளை வெளியிட்டார். அந்தப் பாதையில்தான் பின்னாளில் சட்டங்கள் வந்தன.

இனி, சட்டமே வாய்மூடி நிற்கும் ஓரிடம் உண்டு. மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்த மின்வண்டியை மோட்டார் வாகனமாகவே கொள்வதில்லை, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். உரிமம் வேண்டா, பதிவு வேண்டா, கவசமின்மைக்குத் தண்டமும் இல்லை. நம் மாணவரிடையே இவ்வண்டிகள் பெருகி வருகின்றன. "இதற்குச் சட்டமில்லை ஐயா" என்று அவர்கள் மகிழ்வோடு சொல்கின்றனர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது ஏறத்தாழ எட்டடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பு. வேகம் இருமடங்கானால் உயரம் நான்கு மடங்காகிறது: 32 அடி, மூன்று மாடி! பௌதிகப் பாடத்தில் இக்கணக்கைப் பிழையின்றிப் போடும் மாணவன், பள்ளி விட்டதும் வேகத்தடுப்பைக் கழற்ற மெக்கானிக்கைத் தேடுகிறான். கழற்றிய நொடியே அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வண்டி ஆகிவிடுகிறது, அவனோ உரிமமற்றவன். கழற்றாவிடினும் அந்த எட்டடி எட்டடிதான். காவலர்க்கு அஞ்சி நல்லவனாயிருக்கக் கற்றவனுக்குக் காவலர் இல்லாத சாலையில் வழிகாட்ட யாருமில்லை. நரகத்துக்கு அஞ்சிப் பொய் சொல்லாதிருப்பவனை நாம் ஒழுக்கமுடையவன் என்று மெச்சுவதில்லையே. சோதனைச் சாவடி தெரிந்ததும் முழங்கையில் தொங்கும் கவசத்தைத் தலைக்கு ஏற்றுபவனும் அவன் இனந்தான்.

இவ்வளவு சொன்னபின் அரசையும் ஒன்று கேட்டாக வேண்டும். ஒரே வண்டியில் கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என நால்வர் செல்வது குற்றம், ஐயமில்லை. இரவு எட்டு மணிக்குமேல் பேருந்து வராத சிற்றூருக்கு அவர்கள் எப்படித் திரும்புவர்? கூலித்தொழிலாளிக்கு 1000 ரூபாய் என்பது இரண்டு மூன்று நாள் உழைப்பு. தண்டம் வாங்கும் கை, பேருந்து விடும் கையாகவும், குழி மூடும் கையாகவும் இருத்தல் வேண்டும். அது நடவாதவரை சட்டம் ஏழையின் காதில் மிரட்டலாகவே ஒலிக்கும்.

அதற்காக நம் வீட்டுப் பின்னிருக்கை காத்திருக்க வேண்டியதில்லை. 2021 ஜூன் முதல் இந்தியத் தர முத்திரையில்லாக் கவசத்தை விற்பது குற்றம். ஆகவே சாலையோரம் கிடைக்கும் வெற்று ஓட்டை வாங்கி ஏமாற வேண்டா. அடுத்த முறை கடைக்குச் செல்லும் தோழர் இரண்டு கேட்டு வாங்கட்டும். பின்னே அமர்பவரையும் உடன் அழைத்துச் செல்லட்டும். கொண்டைக்கும் பின்னலுக்கும் இடம்விட்டு, தாடையின் கீழ் வார் இறுகுமாறு, அவரே அணிந்து பார்த்து எடுத்துக்கொள்வார்.