எதில் சிக்கனம்?

இல்லறத்தார்க்குச் சிக்கனம் ஓர் அறம். வேண்டாத செலவைத் தவிர்ப்பவர் ஆசையையும் ஓரளவு அடக்கிக்கொள்கிறார். ஆயினும் எல்லாப் பொருள்களிலும் செய்யும் சிக்கனம் ஒரே தன்மையதாகுமா? நம் வீட்டுக் காரின் கியர் லீவரைக் கொண்டு இதனைச் சற்றே சிந்திப்போம். பொருள் சிறிது, அது எழுப்பும் வினா சிறிதன்று.

மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து தியாகராய நகர் உஸ்மான் சாலை வரை காரோட்டிச் செல்பவர், தாம் எத்தனை முறை கியர் மாற்றினோம் என்று எண்ணினால் வியப்படைவார். நின்று நின்று நகரும் நெரிசலில் கைக்கு ஓய்வில்லை. அவ்வசைவுகளையெல்லாம் தாங்குபவை லீவரின் அடியிலும், அதனைக் கியர் பெட்டியோடு சேர்க்கும் இணைப்புகளின் முனைகளிலும் உள்ள சிறு புஷ்கள். ரப்பராலோ நைலானாலோ ஆன இவை தேய்ந்தால் லீவர் ஆடத் தொடங்கும். எந்தக் கியர் விழுந்தது என்று கைக்குத் தெரியாது.

மாற்றுப் பாகம் தேடுவோர்க்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உதிரி பாகக் கடைகள் உண்டு. எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றியவை கிடைக்கும். கார் நிறுவனமே தருவது, வேறு நல்ல தயாரிப்பாளர் செய்வது, பெயரற்ற மலிவுச் சரக்கு, பிறர் பெயரைப் பொய்யாகத் தாங்கிய போலி என இவை பலவகைப்படும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். துளையின் அளவு சற்றே பிசகியிருப்பதையோ, சென்னை வெயிலில் மூடிக்கிடக்கும் காரின் வெப்பத்தில் மட்டமான பிளாஸ்டிக் வெடித்துவிடும் என்பதையோ கடையில் நின்று காண இயலாது.

‘என் கார், என் பணம், மலிவானதை வாங்கினால் பிறர்க்கென்ன?’ என்று ஒருவர் கேட்கலாம். லீவரின் தலையில் உள்ள குமிழைப் பொறுத்தவரை அது நியாயமே. மலிவான குமிழ் நிறம் மங்கினால் இழப்பு வாங்கியவரோடு போயிற்று. இணைப்பு அப்படிப்பட்டதன்று. மேம்பாலத்தில் ஏறும்போது அது கழன்று கியர் விழாமற்போனால், ஆபத்து பின்னால் குழந்தையோடு ஸ்கூட்டரில் வருபவரையும் சேரும். சம்பளத்துக்கு ஓட்டுநரை வைத்திருக்கும் இல்லங்களில் நிலை இன்னும் தெளிவு: மிச்சம் உரிமையாளருக்கு, ஆபத்தும் பழியும் ஓட்டுநருக்கு. தன் செலவைப் பிறர் தலையில் அவர் சம்மதமின்றி ஏற்றுவதைச் சிக்கனம் என்று எவ்வாறு கூறுவது?

இதனால் விலை கூடியதெல்லாம் தரமானது என்று முடிவு கட்டிவிடலாகாது. பந்தயக் கார்போலக் கியர் மாற்றலாம் என்று விற்கப்படும் குட்டை லீவர்கள் உண்டு. கையின் அசைவு குறையும். அதற்கு ஈடாகக் கை தர வேண்டிய விசை கூடும். பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையங்களுக்கு ஒரு கணம் தேவை. அதனைத் தராமல் திணித்தால் அவை விரைவில் தேயும். அடையாறு சிக்னலில் காத்து நிற்கும் காருக்குப் பந்தய லீவர் எதற்கு? மலிவை நாடுவது ஒரு பற்று எனில், பகட்டை நாடுவதும் பற்றே.

கையில் பணம் குறைந்தவர்க்கும் நல்வழி உண்டு. பெரும்பாலும் தேய்ந்தது புஷ் மட்டுமே. முழு லீவரையும் மலிவாக மாற்றுவதைவிட, தேய்ந்த புஷ்ஷை மட்டும் நல்லதாகப் போடுவது செலவிலும் குறைவு, பயனிலும் சிறப்பு. எது தேய்ந்தது என்று மெக்கானிக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுதல் வேண்டும்.

இறுதியாக, வாங்கும் வழியும் தூயதாயிருத்தல் வேண்டும். பழைய பாகம் வாங்குவது குற்றமன்று. பயன்பட்டதை மீண்டும் பயன்படுத்துவது நன்றே. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்குவது தவறு. திருட்டுப் பொருளை ஏற்பதையும் போலிச் சரக்கு வணிகத்தையும் கள்ளாமை விரதத்தின் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. பொய்யான வணிகக் குறியுடன் பொருள் விற்பவர்க்கு 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம் 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. போலியென்று அறிந்தே மலிவுக்காகக் கேட்டு வாங்குபவர் இருக்கும் வரை, விற்பவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

ஆதலின் பாகத்தின் மேல் தயாரிப்பாளர் பெயரைப் பார்ப்போம், ரசீது கேட்போம். ‘இது பழுதானால் துன்புறுபவர் யார்?’ என்று வாங்குமுன் நம்மையே வினவுவோம். ‘நான் மட்டும்’ என்பது விடையானால் தாராளமாகச் சிக்கனம் செய்யலாம். ‘பிறரும்’ என்பது விடையானால், அங்கே மிச்சப்படுத்தும் ரூபாய் நம்முடையதன்று.