பரம்பரைக் குற்றம் என்னுஞ் சொல்

உயிர்களைப் பசு என்று வழங்குதல் சைவநூல் மரபு. பாசத்தாற் கட்டுண்டது என்பது அதன் பொருள். மாட்டின் பெயரேயெனினும் அஃது இழிவாகாது. சொல்வோனும் அப்பெயருள் அடங்குதலின் என்க. தன்னை நீக்கிப் பிறரை மட்டும் மக்களினின்று வேறாக்குஞ் சொல்லே கொடிது. அதனை நெல்லைச் சீமை பட்டறிந்துளது.

பொருநை நாட்டு ஊர்களிற் காவல் பூண்டு, அதற்கெனக் கூலி பெற்று வாழ்ந்தவர் மறவர். அக்கூலியை மிரட்டிப் பறிக்கும் பொருளென்றனர் ஆங்கில ஆட்சியார். பின்னர் 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மறவருட் சில பிரிவினர் 'குற்றப் பரம்பரையினர்' எனப்பட்டனர். அப்பெயர் விழுந்தபின் வழக்கும் சான்றும் வேண்டாவாயின. கைரேகை கொடுத்தலும், குறித்த வேளையில் தம்மிருப்பைத் தெரிவித்தலும் களவு செய்தானுக்கும் செய்யாதானுக்கும் ஒப்ப விதிக்கப்படலாயின. அவ்வறிவிப்புச் செல்லாதென்று நீதிமன்றத்தில் வினவுதற்கும் இடமில்லை.

வினை அவ்வவ்வுயிர் ஈட்டியது. தந்தையின் வினையை மகன்மேல் ஏற்றுதல் சித்தாந்தத்திற்கு ஒவ்வாது. ஆணவமோ எல்லா உயிர்க்கும் பொது. ஆயின் முன்வினையைக் காட்டிப் பிறரைத் தாழ்பிறப்பினர் என்ற நாக்கள் சைவர் நடுவிலும் உண்டு. அவை ஆங்கிலேயர் சட்டத்தைப் பழித்தற்கு உரியன அல்ல.

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இலும், பாரதமெங்கும் 1952-இலும் நீக்கப்பட்டது. அரசின் ஏடுகளில் அன்னோர்க்கு இப்போது சீர்மரபினர் என்பது பெயர். சினம் மூண்டவிடத்து வாயில் எழுவது இன்னும் பழைய சொல்லே.