பெட்டியைப் பிடிக்கும் கை

வீட்டுக்குப் புதிதாக ஒரு ஸ்திரிக்கைப்பெட்டி வாங்கவேண்டும் என்று வந்தால் எங்கள் வீடுகளில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரியானது. கடை விளம்பரத்தாளை மேசையில் விரித்துவைத்து விலை பார்ப்போம். இருபது யூரோவுக்கும் ஒன்று இருக்கிறது, அறுபதுக்கும் ஒன்று இருக்கிறது. தண்ணீர்த்தொட்டி தனியாக வரும் பெரியது நூற்றைம்பதைத் தாண்டும். எத்தனை வாற்ஸ், அடித்தட்டு உருக்கா செராமிக்கா, நீராவி எவ்வளவு வரும் என்றெல்லாம் விசாரிப்போம். இதை யார் பிடிக்கப்போகிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. விடை எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் கேட்பதில்லை.

இந்தக் கேட்காத கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் பெற்றோர் காலத்து யாழ்ப்பாணத்தில் உடுப்பு அழுக்காகப் போகும், வெளுத்து மடித்து வரும். கொண்டுபோய்க் கொண்டுவந்தவர் கட்டாடியார். ஒவ்வொரு வீட்டு உடுப்புக்கும் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு குறி இருக்கும். நூறு வீட்டு உடுப்பு ஒன்றாகக் கலந்தாலும் அவர் பிரித்தெடுப்பார். கூலி பெரும்பாலும் நெல்லாக, அறுவடைக் காலத்தில். கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் வெள்ளை கட்டவும் நிலபாவாடை விரிக்கவும் அவர் வேண்டும். ஆனால் அவர் விரித்த வெள்ளையில் மற்றவர்கள் நடந்தார்கள், அவருக்குப் பந்தியில் இடமில்லை.

மினுக்கிய சேட் ஒன்றை உற்றுப் பாருங்கள். அதில் வேலை செய்தவரின் அடையாளம் எதுவும் இராது. சுருக்கம் போகும்போது உழைத்தவரும் சேர்ந்து மறைந்துபோகிறார். நன்றாகச் செய்யச் செய்ய, செய்தவர் இன்னும் காணாமற்போகிற வேலை இது. றெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவுகிற எங்களுக்கு இது புதிதல்ல. வெள்ளைக் கோப்பை பளபளவென்று மேசைக்குப் போகிறது. சாப்பிடுகிறவர் சமையற்காரனைப் பாராட்டி அனுப்புவார். கோப்பை ஏதோ மரத்தில் காய்த்தது என்பதுபோல இருப்பார்.

அப்படியானால் மினுக்குவதையே விட்டுவிடலாமே என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். இங்கே பிறந்த இளைஞர்கள் கசங்கிய லினன் சேட்டோடு திரிகிறார்கள், ஒருவரும் அவர்களை ஒன்றும் கேட்பதில்லை, நாங்கள் மட்டும் ஏன் இந்த அடிமைத்தனத்தைச் சுமக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கசங்கிய சேட்டோடு திரிவதற்கும் ஒரு தகுதி வேண்டும். தன்னுடைய மதிப்பில் யாருக்கும் சந்தேகம் இல்லாதவனுக்கே அது கட்டுப்படியாகும். விசா புதுப்பிக்க அலுவலகப் படியேறுகிறவன், வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவன், பிள்ளையின் ஆசிரியரைச் சந்திக்கப் போகிறவன், வாய் திறக்கமுன்னரே அவனுடைய சேட்டை வாசித்துவிடுகிறார்கள். அவனுடைய பிரெஞ்சு கசங்கியிருக்கிறது, சேட்டாவது நேராக இருக்கட்டுமே.

அதோடு, ஊரில் நல்ல உடுப்பு எல்லோருக்கும் கிடைத்த ஒன்றல்ல. ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் தோளில் சால்வை போடுவதையும் பெண்கள் மேற்சட்டை அணிவதையும் தடுத்த காலம் யாழ்ப்பாணத்தில் இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் நீண்டது. தேநீர்க்கடைக்கும் கோயில் வாசலுக்குமாக 1960களில் நடந்த போராட்டங்களுக்கு முன்னரே உடுப்புக்காக அடிவாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் போய், மினுக்கிய சேட் வெறும் பகட்டு என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆகவே மினுக்கிய உடுப்பு வேண்டும். அதன் பாரம் யார் கையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. இயந்திரம் வந்து இதைத் தீர்த்துவைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நியூயோர்க்கில் ஹென்றி சீலி என்பவர் மின்சார ஸ்திரிக்கைப்பெட்டிக்கு உரிமம் பெற்றது 1882 இல். எங்கள் வீடுகளுக்கு அது வந்துசேர எத்தனையோ பத்தாண்டுகள் சென்றன. வந்தபின்னும், 1990 இல் போர் திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கரன்ற் நின்றபோது, சேவல் தலை வைத்த பழைய கரிப்பெட்டிகள் பரணிலிருந்து இறங்கின. சிரட்டைக்கரி ஊதி ஊதிக் கண் சிவந்து பள்ளிக்கூட வெள்ளை உடுப்பை மினுக்கியவர்கள் எங்கள் அம்மாமாரும் அக்காமாரும். கட்டாடியார் வருவது நின்றுபோன வீடுகளில் அவருடைய வேலை நின்றுபோகவில்லை. படலைக்கு வெளியே இருந்தது வீட்டுக்குள் வந்தது, ஆணின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

புகலிடத்திலும் அது அங்கேயே நிற்கிறது. இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள் இவை. அவர் விடிய நான்கு மணிக்கு எழும்பி அலுவலகங்கள் கூட்டித் துடைக்கப் போகிறார், இவர் இரவு ஒரு மணிக்குக் குசினியிலிருந்து வருகிறார். ஞாயிறு பின்னேரம் மலையாய்க் குவிந்த உடுப்புக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். 'நல்ல பெட்டியாய்ப் பார்த்து வாங்கித் தாறன்' என்று சொல்வதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேலையைக் கொடுப்பதை அன்பளிப்பாகக் காட்டும் தந்திரமும் அதற்குள் இருக்கிறது.

எனவே, கடைக்குப் போகிறவர்கள் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொருவரும் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்க்கட்டும். பாரமானதுதான் நன்றாக மினுக்கும் என்பது கரிப்பெட்டிக் காலத்து நம்பிக்கை. எங்களில் சிலர் பாதியில் விட்டுவந்த இரசாயனவியல் வேறு சொல்கிறது. பருத்தி மடியும்போது அதன் செலுலோஸ் சங்கிலிகள் மடிந்தபடியே ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஈரமும் சூடும் அந்தப் பிடியை விடுவிக்கின்றன, துணி நேராகக் கிடந்து ஆறும்போது புதிய பிடி உண்டாகிறது. நீராவி நன்றாக வந்தால் மணிக்கட்டை முறிக்கும் பாரம் தேவையில்லை. பாரிஸ் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதைக் கழுவி எடுக்கக்கூடிய பெட்டியா என்று பாருங்கள். கைபிடி இடக்கைக்காரருக்கும் பொருந்தவேண்டும். மறந்து விட்டுப்போனால் தானாக நிற்கவேண்டும். இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் மலிவானதற்கும் உண்டு, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஒரே விதி போதும்: உடுப்பவர் மினுக்கவேண்டும். உடுப்பின் உள்ளே தைத்திருக்கும் சின்னத் துணியில் ஒரு புள்ளி என்றால் ஏறக்குறைய 110 பாகை வரை, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. வளர்ந்த பிள்ளைக்கு இதைப் பழக்க அரை மணித்தியாலம் காணும், மகனுக்கும் அதே அரை மணித்தியாலம்தான். நேரமில்லை என்பார்கள். உண்மைதான், எங்கள் வேலை அப்படிப்பட்டது. நேரமில்லாதவர் அன்றைக்குக் கசங்கியதை உடுத்துக்கொண்டு போகட்டும். போர்வைக்கும் துவாய்க்கும் பெட்டி தேவையில்லை. கணக்கு சரிபாதியாய் வராது, வரவும் வேண்டாம். ஒருவரின் கை மட்டும் கண்ணுக்குத் தெரியாமற் போகக்கூடாது, அவ்வளவுதான்.

கட்டாடியார் ஒவ்வொரு வீட்டையும் குறியை வைத்து அறிந்திருந்தார். அவருடைய கையில் எங்கே காய்த்திருந்தது, எங்கே சுட்டிருந்தது என்று அந்த வீடுகளில் எத்தனைபேர் அறிந்திருந்தார்கள்?